மூன்றாம் தண்ணீர்

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இருபத்திரண்டு வயது ஆராய்ச்சி மாணவிக்கும் அக்கா, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிற வாசல் காவலருக்கும் அக்கா. "உங்களுக்கும் நான் அக்காவா?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டே விட்டாள். "முறை அப்படி அமைஞ்சு போச்சுக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர்.

அவளுடைய அறை இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது. ஆழமான இரண்டு எவர்சில்வர் தொட்டிகள். சுவரில் தடிமன் வாரியாகத் தொங்கும் பிரஷ்கள். ஒன்று கைமுட்டி கனம், கடைசியில் இருப்பது பென்சிலை விட ஒல்லி. மூலையில் கழுவிய கண்ணாடிக் குடுவைகளை ராத்திரி முழுக்க உலர்த்தும் அடுப்பு. ஒரே ஒரு ஜன்னல். கதவுக்குப் பின்னால் மாதம் மாதமாகக் கிழிக்கிற காலண்டர். பகலெல்லாம் ஆய்வுக்கூடங்களிலிருந்து அழுக்குக் குடுவைகள் தள்ளுவண்டியில் வரும். மாலையில் பளிச்சென்று அடுப்புக்குள் போகும். பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை.

தொட்டிக்கு மேலே கழுவும் விதி ஒட்டப்பட்டிருந்தது. முதலில் சோப்பு. பிறகு மூன்று தண்ணீர். முதல் தண்ணீர் குழாயில் வருவது. இரண்டாம் தண்ணீர் காய்ச்சி வடித்தது. மூன்றாம் தண்ணீரும் காய்ச்சி வடித்ததுதான், ஆனால் அதில் குடுவையை நிரப்பிக் கொஞ்சம் ஊறவிட்டுக் கொட்ட வேண்டும். அந்தக் குழாய் நூல் மாதிரி ஒழுகும். நாற்பது குடுவைக்கு மூன்றாம் தண்ணீர் காட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். முடித்ததும் ஒரு தாளில் மூன்று கட்டங்களில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை அச்சடித்துத் தருகிறவர் கட்டட மேற்பார்வையாளர். கக்கத்தில் எப்போதும் ஒரு அட்டையும் அதில் ஒரு பட்டியலும் இருப்பதால் அவருக்கு லிஸ்ட் சார் என்று பெயர். அவர் வீட்டில் தூங்கப் போகும்போதும் பல் தேய்த்ததற்கு டிக் போட்டுவிட்டுத்தான் படுப்பார் என்று காவலர் சொல்வார்.

எச்சிலைப் பார்த்தே யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்கும் அப்படித்தான். கோபத்தில் வேலை செய்தவரின் குடுவை விளிம்பு உடைந்திருக்கும். சோம்பேறியின் குடுவையில் அடிப்பாகம் காய்ந்து பாறையாகியிருக்கும். பக்கத்து அறைப் பெண்ணின் குடுவைகள் மட்டும் அரைகுறையாக அலசப்பட்டு, மரியாதையாக வந்து சேரும். உள்ளே லேசாகப் பால் ஒட்டியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெரிய படிப்பு. அவள் செய்வதெல்லாம் வெள்ளையாகவே இருந்ததால் துப்புரவுப் பெண்கள் அவளுக்குப் பால்காரி என்று பெயர் வைத்தார்கள். அது அவள் காதுக்கும் போனது. மறுநாள் தன் அறைக் கதவில், 'பால் காலியானால் கதவைத் தட்டவும்' என்று ஒரு சீட்டு ஒட்டினாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

ஒருநாள் அக்கா கேட்டாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இது என்ன பாலு?"

பால்காரி கையிலிருந்த குடுவையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "பால் இல்லக்கா. தண்ணிக்குள்ள கோடிக்கணக்குல குட்டிக் குட்டி உருண்டை. ஒவ்வொரு உருண்டைக்கும் மெல்லிசா ஒரு தோலு. உள்ள எண்ணெய். எண்ணெய்க்குள்ள மருந்து."

"திராட்சை மாதிரியா?"

"திராட்சையேதான். என்ன, ஒரு தலைமுடியோட குறுக்களவுக்குள்ள நானூறு திராட்சையை வரிசையா நிக்க வைக்கலாம்."

அக்கா தன் முன்னுச்சி முடி ஒன்றைப் பிடித்து ஒரு கணம் பார்த்தாள். "நானூறா? யாரு எண்ணுனது?"

"மெஷின் எண்ணும். கண்ணுக்குள்ள சொட்டு மருந்து விட்டா கண்ணீரே அதை வெளிய தள்ளிடுதுல்ல? இந்த உருண்டைங்க போய் ஒட்டிக்கிட்டு, உள்ள இருக்கிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா கசிய விடும். ஒரு நாளைக்கு ஆறு தடவை விடுறதுக்குப் பதிலா ஒரு தடவை போதும். சரியா வந்துட்டா."

"வரலையா?"

"சில நாள் வருது. சில நாள் திரிஞ்சு போகுது. ஏன்னுதான் தெரியல."

அந்த 'ஏன்னு தெரியல' அக்காவின் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. திரிந்த பாலை அவளுக்கும் தெரியும். நல்ல பால் இருந்த குடுவையை ஜன்னலில் பிடித்தால் விளிம்பில் லேசாக நீலம் ஓடும். தண்ணீர் காட்டியதும் சுத்தமாகப் போய்விடும். திரிந்த பால் இருந்த குடுவையின் கழுத்தில் வெள்ளை வளையம் ஒன்று பிடித்திருக்கும். பிரஷ்ஷுக்கும் சோப்புக்கும் அசையாது. நகப்பூச்சு அழிக்கிற மருந்து மாதிரி வாசனை வருகிற அந்தத் திரவத்தை ஊற்றித்தான் எடுக்க வேண்டும். பால்காரி எப்படி வந்ததென்று சொல்வதற்கு முன்பே அக்காவுக்குக் குடுவை சொல்லிவிடும்.

சும்மா ஒரு ஆசைக்குத்தான் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தாள். வளையம் இருந்தால் அந்தத் தேதிக்குக் கீழே ஒரு சின்ன வட்டம். இல்லாவிட்டால் ஒரு புள்ளி. பால் செய்யாத நாளில் ஒன்றுமில்லை.

அந்தக் காலண்டரில் ஏற்கெனவே வேறு ஒரு குறி இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் நீலப் பேனாவால் ஒரு கோடு. அது மாமியாரின் தோளுக்கானது. ஐந்து மாதத்துக்கு முன்னால் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. அந்த இரண்டு நாளும் சாயங்காலம் ஐந்தரைக்கு பிசியோதெரபி மருத்துவரிடம் போக வேண்டும். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில்தான் இருப்பார். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அதனால் நாலு நாற்பது பஸ்ஸை அக்கா பிடித்தே ஆக வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் எதையாவது விட வேண்டும்.

அவள் மூன்றாம் தண்ணீரை விட்டாள்.

முதல் தடவை, இரண்டு தண்ணீரிலேயே குடுவை பளிங்கு மாதிரி இருக்கிறதே, யாருக்குத் தெரியப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த அவசரத்தில் முதல் இரண்டு தண்ணீரும்கூட ஓட்டமாகத்தான் போகும். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவாள். ஐந்து மாதத்தில் நாற்பது பொய் டிக் சேர்ந்துவிட்டது.

குறிக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆனபோது, ஒரு திங்கட்கிழமை மதியம், காலண்டரின் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்தவள் நின்றபடியே நின்றுவிட்டாள். வட்டங்கள் சிதறிக் கிடந்தன. ஆனால் புள்ளிகள் சிதறவில்லை. புதன்கிழமைக்குக் கீழே ஒரு வரிசை, சனிக்கிழமைக்குக் கீழே ஒரு வரிசை. எறும்பு போன தடம் மாதிரி மேலிருந்து கீழே நேராக. வேறெங்கும் ஒரு புள்ளிகூட இல்லை.

ஒரே ஒரு புதன்கிழமையில் மட்டும் வட்டம் இருந்தது. அதற்கு முந்தின நாளான செவ்வாயின் நீலக் கோடு குறுக்கே அடித்து நீக்கப்பட்டிருந்தது. மருத்துவருக்குக் காய்ச்சல் என்று வரவேண்டாம் என்றுவிட்ட நாள். அன்று அக்காவுக்கு அவசரமில்லை. அன்று மூன்றாம் தண்ணீர் காட்டியிருந்தாள்.

மறுபடியும் விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள். பயமா ஆர்வமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து அடுக்களை மேடையில் வைத்தாள். இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒன்றை நன்றாக மூன்று தரம் அலசினாள். இன்னொன்றை அவசரத்தில் செய்கிற மாதிரியே சட்டென்று அலசி வைத்தாள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சமையல் எண்ணெய். மூடி போட்டு இரண்டு கையிலும் பிடித்துக் குலுக்கினாள்.

மாமியார் கதவோரம் வந்து நின்றார். "என்னம்மா, சமைக்கிறியா, சூனியம் வைக்கிறியா?"

"சும்மா இருங்க அத்தை. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எண்ணெயை எண்ணுறவளை இப்பத்தான் பாக்குறேன்."

மூன்று தரம் அலசிய புட்டியில் நூறு எண்ணுவதற்குள் எண்ணெய் மேலே ஏறி மிதந்தது. மற்றதில் முந்நூறு எண்ணியும் கலங்கலாகவே இருந்தது.

"அத்தை, இதுல எது வெள்ளையா இருக்கு?"

"கண்ணு தெரியாதவளா நானு? இதுதான்." மாமியார் இடது கையால் சரியாகத் தொட்டார். "அழுக்குப் புட்டிதானே அது? அரைகுறையா அலசினதைப் பாத்துட்டுத்தான் நின்னேன். அதுல எனக்குத் தண்ணி கொடுத்துடாதே."

கண்ணுக்குத் தெரியாத அந்தச் சோப்புதான் எண்ணெயைத் துளித்துளியாகப் பிடித்து நிறுத்தியிருந்தது.

ஆனால் வீட்டுப் புட்டி வேறு, ஆய்வுக்கூடக் குடுவை வேறு. அதையும் பார்த்துவிடலாமே என்று தோன்றியபோது திங்கள் கடந்துவிட்டிருந்தது. அன்று மாலை விதிப்படி கழுவி அடுக்கியிருந்தாள். செவ்வாய் வளையம் வந்தது, சொல்லி வைத்த மாதிரி. அடுத்த திங்கட்கிழமை அவசரம் எதுவும் இல்லாதபோதே, வேண்டுமென்றே, மூன்றாம் தண்ணீரை விட்டாள். இரண்டாம் தண்ணீரோடு நூல் குழாயை மூடிவிட்டாள். கட்டத்தில் டிக் போட்டபோது பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குப் பக்கத்து அறையிலிருந்து ஒரு கூச்சல். பால்காரி குடுவையை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, நீலத்தைப் பாருங்க! காலை வானம் மாதிரி இருக்கு!"

செவ்வாய் மாலையும் அக்கா விட்டாள். புதனும் விட்டாள். புதனுக்குப் பிறகு அது ஆர்வத்துக்காகச் செய்ததல்ல என்று அவளுக்கே தெரியும். பக்கத்து அறையில் பாட்டு கேட்க ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. மேலிடத்தில் ஒரு கெடு வைத்திருந்தார்கள்: அடுத்தடுத்து ஐந்து முறை நல்ல பால் வர வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஆராய்ச்சியை மூடிவிட்டு அறையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதே மாதக் கடைசியில்தான் அக்காவின் வருட ஒப்பந்தமும் முடிகிறது. புதுப்பிக்கிற தாளில் கையெழுத்துப் போடுகிறவர் லிஸ்ட் சார். பொய் டிக் போட்டவளுக்கு அவர் என்ன செய்வார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு பொய் டிக்குக்காக ஒரு எலக்ட்ரீஷியனைக் கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு இப்படியே கழுவிக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் நல்லது. பால் வரும், அறை இருக்கும், வேலை இருக்கும், நாலு நாற்பது பஸ்ஸும் கிடைக்கும்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்தும் நீலம்.

சனிக்கிழமை மதியம் பால்காரி கேக் வாங்கிவந்தாள். லிஸ்ட் சார்கூட ஒரு துண்டு எடுத்துக்கொண்டார், கத்தியைத் திருப்பி வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு. "திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகுதுக்கா," என்றாள் பால்காரி. "முதல்ல தட்டுல வளர்த்த கண்ணு செல்லுக்கு மேல விட்டுப் பார்ப்பாங்க. அது தாங்குச்சுன்னா அப்புறம் ஒவ்வொரு படியா."

அக்கா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "உள்ள என்னென்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதிக் கொடுத்திருக்கேனே. எண்ணெய், மருந்து, தோலுக்கான பாலிமர், உருண்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஒரு துளிப் பொருள், தண்ணி. அஞ்சே அஞ்சு. அந்த ஒட்டாம இருக்கிற பொருளை நான் ரொம்பக் குறைச்சுட்டேன், கண்ணு உறுத்தக் கூடாதுன்னு. அதைக் குறைச்சா வராதுன்னாங்க எல்லாரும். வந்துச்சு பாத்தீங்களா!"

அக்கா கேக்கைச் சாப்பிடவில்லை. ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆறாவது ஒன்று இருக்கிறது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்குத் தலைக்கு ஊற்றிவிடும் நாள். வலது கையைத் தூக்க முடியாததால் இந்த ஐந்து மாதமாக அக்காதான் தேய்த்துவிடுகிறாள். நினைப்பு எங்கேயோ இருந்தது. தண்ணீர் ஊற்றுவதற்குள் நுரை நெற்றியில் வழிந்து இறங்கிவிட்டது.

"ஐயோ, கண்ணு! கண்ணுல சோப்புடி!"

அக்கா பதறிப்போய்ச் சொம்பு சொம்பாக ஊற்றினாள். மாமியார் முக்காலியில் உட்கார்ந்தபடி கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டினார். "தண்ணியை நல்லா ஊத்தித் தொலை. இன்னும் எரியுது. அவ்வளவு பெரிய இடத்துல கழுவுற வேலை பாக்குறா, மாமியார் கண்ணைக் கழுவத் தெரியல!"

இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிய பிறகுதான் எரிச்சல் நின்றது. சிவந்த கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்த மாமியார் சட்டென்று குரலை இறக்கினார். "சரி சரி, விடு. இதுக்குப் போய் நீ ஏன் அழுறே?"

"அழல அத்தை. தண்ணி தெறிச்சிடுச்சு."

"எந்தத் தண்ணி?"

அக்கா துண்டால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய், வெள்ளி, மூன்றாம் தண்ணீர், பொய் டிக், ஐந்து நீலம். மாமியார் துண்டுக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ என் தோளுதான் இத்தனைக்கும் காரணமா?"

"உங்க தோளு இல்ல. என் அவசரம்."

"வேலை போயிடுமா?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன்."

மாமியார் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்குச் சீக்கிரமே கிளம்பு," என்றார். "அந்தப் பொண்ணு பொட்டியை மூடுறதுக்குள்ள போய்ச் சேரு."

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு அக்கா படியேறியபோது பால்காரி கையுறை போட்டுக்கொண்டு குளிர்ப்பெட்டிக்குள் மூன்று சின்னப் புட்டிகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அதை மூடாதீங்க."

"ஏன்க்கா, பூச்சி ஏதாவது விழுந்துடுச்சா?"

"பூச்சி இல்ல. சோப்பு."

அவள் சொல்லச் சொல்ல பால்காரியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை நாளாக்கா?"

"அத்தைக்குத் தோள் பிடிச்சதுலேருந்து."

"உங்க அத்தை தோளுக்கும் என் பாலுக்கும் என்னக்கா சம்பந்தம்!"

அக்கா தன் அறைக்கு ஓடினாள். காலண்டரின் இரண்டு தாள்களை எடுத்துவந்து மேசைமேல் விரித்தாள். பால்காரி குனிந்து பார்த்தாள். தன் குறிப்பேட்டைத் திறந்து ஒப்பிட்டாள். குறிப்பேட்டில் பாலுக்கெல்லாம் எண்தான் இருந்தது: முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று. தேதி ஓரத்தில் பொடி எழுத்தில் கிடந்தது. கிழமை எழுதும் பழக்கமே அவளுக்கு இல்லை. சில நாள் இரண்டு செய்வாள், சில நாள் ஒன்றுமில்லை. அது மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றியிருந்தாள். நல்ல பால் வந்தால் அந்த மாற்றத்துக்குப் பெருமை. மறுமுறை அதுவே திரிந்தால் இன்னொரு மாற்றம். கிழமை என்ற ஒன்று உள்ளே நுழைய இடமே இல்லை.

"நான் எண்ணிக்கிட்டே வந்திருக்கேன்," என்றாள் மெதுவாக. "நீங்க பாத்துக்கிட்டே வந்திருக்கீங்க."

அவள் கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். ஆனால் பால்காரி எழுந்து போய், "ரெண்டு குடுவை எடுங்கக்கா. ரெண்டுக்கும் மூணு தண்ணி. ஒழுங்கா," என்றாள்.

அக்கா வாழ்நாளில் அப்படிக் கழுவியதில்லை. நூல் குழாய்க்குக் கீழே நின்று, நிரப்பி, ஊறவிட்டு, கொட்டி. பால்காரி ஒரு குடுவையில் மட்டும் கண்ணாடிக் குச்சியின் நுனியைச் சோப்பில் தொட்டு, தண்ணீரில் ஒரு தரம் முக்கி எடுத்தாள். இரண்டு குடுவையிலும் தண்ணீர் சுழன்றது. எண்ணெயும் பாலிமரும் மருந்தும் கரைந்த திரவம் ஊசிக்குழாய்க்குள் தெளிவாகத் தண்ணீரைப் போலவே இருந்தது. சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் புகை மாதிரி விரிந்து வெளுத்தது. அக்கா இதுவரை குடுவை காலியான பிறகுதான் பார்த்திருக்கிறாள். பால் பிறப்பதை இப்போதுதான் பார்க்கிறாள். கோடிக்கணக்கான தோல்கள் ஒரே மூச்சில் மூடிக்கொள்கின்றன என்று நினைத்ததும், வேலை போகப் போகிறது என்பதுகூட ஒரு நிமிடம் மறந்து போயிற்று.

கால் மணி நேரத்தில் ஒரு குடுவையில் நீலம். மற்றதன் கழுத்தில் வளையம்.

பால்காரி கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது. "அஞ்சு மாசமாக்கா! அஞ்சு மாசமா நான் சோப்பை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்திருக்கேன்!"

"மன்னிச்சிடுங்க மேடம்."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாக்கலாம். எனக்கு இன்னும் கோபம் வரல, வந்ததும் சொல்றேன்." அவள் நீலக் குடுவையைக் கையிலெடுத்து ஜன்னல் பக்கம் போனாள். "ஆனா இவ்ளோண்டு போதும்னா... இவ்ளோண்டு சோப்பு செய்ற வேலையை, கண்ணு தாங்குற வேற ஏதாவது ஒண்ணு செய்யாதா?"

அந்தக் கேள்வி அக்காவிடம் கேட்கப்படவில்லை. இருந்தாலும் அவளும் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

குளிர்ப்பெட்டி அன்று போகவில்லை. கோபம் மதியம் இரண்டு மணிக்கு வந்தது. பால்காரி கழுவும் அறை வாசலில் வந்து நின்று, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா! ஒரு வார்த்தை!" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். சாயங்காலம் வரை அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். ஐந்து நல்ல பால் கணக்கில் இல்லை என்று அவளே அடித்து எழுதியிருந்தாள். காரணம் தெரிந்துவிட்டதால் மேலிடம் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தது.

லிஸ்ட் சார் மாதக் கடைசியில்தான் கூப்பிட்டார். அவர் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"எலக்ட்ரீஷியன் விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அவன் மாட்டிக்கிட்டப்புறம் சொன்னான். நீங்க மாட்டிக்காம சொல்லியிருக்கீங்க. அதுக்குன்னு என் லிஸ்ட்ல கட்டம் எதுவும் இல்ல." அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு இல்ல. மூணு மாசத்துக்கு. அப்புறம் பார்க்கலாம். இது எச்சரிக்கைக் கடிதம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அக்கா படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, இருந்தாலும் மெதுவாகவே படித்தாள். பேனாவை எடுத்தவள் கீழே வைத்தாள்.

"சார், இதுல 'கவனக்குறைவால்'னு போட்டிருக்கு."

"ஆமா."

"அது மட்டும் தப்பு சார். எனக்குக் கவனம் குறையல. கவனம் இருந்ததாலதான் கண்டுபிடிச்சேன். அவசரத்துல பண்ணேன், பொய் டிக் போட்டேன். அதை எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

லிஸ்ட் சார் அவளையே பார்த்தார். அவர் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. பிறகு சிவப்புப் பேனாவால் அந்த வார்த்தையை அடித்தார். மேலே, 'அவசரத்தாலும் பொய்க் குறியீட்டாலும்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அது இன்னும் கடுமையாக இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

எழுந்தபோது அவர் கேட்டார். "தோள் மருத்துவர்கிட்ட நேரத்தை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டீங்களா?"

அக்கா விழித்தாள். ஐந்து மாதமாக ஓடியிருக்கிறாள். அது ஒன்று மட்டும் தோன்றவில்லை. அன்றே போன் செய்தாள். "ஆறரைக்கா? தாராளமா வாங்க," என்றது எதிர்முனை. "அந்த நேரம் இங்க ஈ ஓட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கோம்."

வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார் தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தார். கை பாதிதான் ஏறியது. "ஏறுது பாரு," என்றார், அதிலேயே ஒரு திருப்தியோடு.

இப்போது காலண்டரின் பழைய தாள்கள் இரண்டும் பால்காரியின் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் கிழமைக்கும் ஒரு பத்தி வந்துவிட்டது. இன்னொரு பத்தியில் வளையம் உண்டா இல்லையா என்று அக்காதான் எழுதுகிறாள், தினமும், தன் கையாலேயே. கண்ணுக்கு ஒத்துக்கொள்ளும் என்று பால்காரி தேர்ந்தெடுத்த பதினேழு பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் எட்டும் வளையம். எட்டாவதன் குடுவையைப் பால்காரி வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மாதத்தில் பாதி போயிருந்தது. அக்காவின் மூன்று மாதத்திலும் ஒன்று கழிந்திருந்தது.

ஒன்பதாவது குடுவை ஒரு வியாழக்கிழமை வந்தது. முந்தின நாள் அதற்கு மூன்று தண்ணீர் காட்டியவள் அவளேதான், நான்காவதாகவும் ஒன்று காட்டியிருந்தாள். ஆகவே இதில் சோப்புக்கு இடமில்லை. கழுத்தை விரலால் தடவினாள். வளையம் தட்டவில்லை, விரல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தரம் தடவினாள். பக்கத்து அறையைக் கூப்பிட வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். இருக்கட்டும், முதலில் தானே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அடியில் தங்கியிருந்த கொஞ்சத்தோடு குடுவையை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்தாள்.

பிறகு ஈரக் கையோடு போய், 'பால் காலியானால்' என்று எழுதியிருந்த அந்தக் கதவைத் தட்டினாள்.